பேர் சொல்லாமல் வாங்கிய வெள்வேலமரம்

இதை நான் சொன்னால் தப்பாகத்தான் சொல்வேன் என்று பயமாக இருக்கிறது. முன்னால் சொல்ல வேண்டியதைப் பின்னால் சொல்லிவிடுவேன், சொல்லக்கூடாததை முதலிலேயே கொட்டிவிடுவேன். ஆறாம் வகுப்புப் பாதியிலேயே ஆடு மேய்க்க நிறுத்திவிட்டார்கள், அதற்கு மேல் எனக்கு வரிசையாகப் பேசக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. என் ஓரகத்தி சாந்தாமணி சொன்னால் அழகாகச் சொல்வாள், அவளுக்கு எல்லாமே அழகாகத்தான் வரும். ஆனால் அவள் சொன்னால் அந்தக் கதையில் நான் வயிற்றெரிச்சல்காரியாக வருவேன். நான் சொன்னாலும் அப்படித்தான் வருவேன் என்று தோன்றுகிறது, இருந்தாலும் என் வாயால் வந்தால் கொஞ்சம் குறைவாக வரும்.

எங்கள் ஊர் ஊஞ்சவலசு. வானம் பார்த்த பூமி, சோளம் விதைத்தால் தட்டாவது மிஞ்சும், ஆடு வளர்த்தால் உயிராவது மிஞ்சும். என் மாமனாருக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் சென்னியப்பன், என்னைக் கட்டியவர். இளையவர் குழந்தைசாமி, சாந்தாமணியைக் கட்டியவர். மாமனார் போய்ச் சேர்ந்த பிறகு காட்டைப் பாகம் பிரித்தார்கள். எங்கள் ஊரில் நிலத்தை அளந்து பிரிப்பார்கள், மரத்தைப் பேர் சொல்லிப் பிரிப்பார்கள். ஊருக்கெல்லாம் பாகம் பிரித்துவைக்கிற பொன்னையன் ஐயன் ஒவ்வொரு மரமாகப் போய், பட்டையின் மேல் உள்ளங்கையை வைத்து, இது இன்னாருக்கு, இன்னதுக்கு என்று உரக்கச் சொல்வார். கதவுக்கு என்று சொல்லிவிட்டால் அந்த மரம் கதவுக்குத்தான், அடுப்பு அணைந்துபோனாலும் அதில் ஒரு சுள்ளி ஒடித்து எரிக்கக்கூடாது. விறகுக்கு என்று சொல்லிவிட்டால் விறகுக்குத்தான், அது வானத்துக்கு நிமிர்ந்து வளர்ந்தாலும் அதில் ஒரு விட்டம் எடுக்கக்கூடாது.

அன்றைக்குக் கிழக்குப் பக்கம் சாந்தாமணிக்கு விழுந்தது. வாகையைத் தொட்டுக் கதவுக்கு என்றார், பூவரசைத் தொட்டுக் கட்டிலுக்கு என்றார், வேம்பைத் தொட்டுத் தொட்டிலுக்கு என்றார். மேற்குப் பக்கம் எங்களுக்கு. ஊஞ்சமரத்தைத் தொட்டு, தலைக்குத் தேய்க்கிற அரப்புக்கு என்றார். கருவேலத்தைத் தொட்டு விறகுக்கு என்றார். புங்கமரத்தைத் தொட்டவர் அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, அண்ணாந்து பார்த்து, வேறொன்றும் தோன்றாமல், நிழலுக்கு என்றார். இரண்டு காட்டுக்கும் நடுவரப்பில் ஒரு பெரிய வெள்வேலமரம் நின்றது, அதைத் தொட்டு, இது பொது, என்றதோடு சரி. எதற்கு என்று சொல்லவில்லை, வெயில் ஏறிவிட்டது, எல்லாரும் பசியோடு இருந்தார்கள்.

அந்த ஆடியில் காற்று அடித்தபோது சாந்தாமணியின் வாகைமரத்தில் ஒரு கதவு காய்த்தது.

முதலில் கிளை நுனியில் பலகை மாதிரி ஒரு தட்டை, பிறகு அதைச் சுற்றி நிலைச்சட்டம், அதற்குப் பிறகு குமிழ். ஒரு பாட்டம் மழை பெய்து ஓய்ந்ததும் கீல் வைக்கிற இடத்தில் குழிகூட விழுந்துவிட்டது. தரைக்கு மேலே ஆள் உயரத்தில் கதவு தொங்கியது, காற்று வந்தால் திறந்தது, காற்று போனால் சாத்தியது, திறக்கும்போது பின்னால் என் சோளக்காடும் சாத்தும்போது வெறும் கதவுமாகத் தெரிந்தது. சாந்தாமணி வரப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஏதோ சுரைக்காய் காய்த்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏனுங்க்கா, உங்க வெள்ளாடு இக்கட்ட வந்தாச் சித்தெ பாத்துக்குங். கதவு அடிச்சுப்போடும்."

"ஏன், உன்ற மரத்துல தாப்பாள் காய்க்கலியா?" என்றேன்.

"அது நாளைக்கோ நாளாண்டைக்கோ காய்க்குமுங்க்கா," என்றாள். காய்த்தது.

ஊரில் யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எப்போது பறிப்பது என்றுதான் கேட்டார்கள். காம்பு பழுக்கும்வரை விடவேண்டும் என்றார்கள் சிலர், கொஞ்சம் செங்காயாகவே இறக்கி வைக்கோலில் போட்டு வைத்தால் வெடிக்காது என்றார்கள் சிலர். ஊர்த் தச்சர் குப்பாசாரிக்குத்தான் முதலில் கோபம். மரமே இழைத்துக் கொடுத்தால் நான் எதற்கு என்று கேட்டுக்கொண்டு உளியைக் கையில் பிடித்தபடி வந்தார், கதவைத் தடவிப் பார்த்தார், திறந்து பார்த்தார், பிறகு, தோலை உரிக்காமல் மாட்டினால் பூச்சி பிடிக்கும் என்றார். அன்றிலிருந்து அவர் மரத்தில் காய்ப்பவற்றுக்குத் தோல் உரிக்கிற ஆசாரியாகிவிட்டார், முன்னைவிட வேலை எச்சாகவே வந்தது. கதவை இறக்கிய வாரத்தில் சாந்தாமணி வீட்டுப் பழைய கதவு கரையான் அரித்து, உதைக்காமலேயே விழுந்தது. அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது, மரம் தேவைக்கு முன்னால் காய்க்கிறது என்று.

பூவரசு கட்டில் காய்த்தது. நான்கு காலும் கடைந்தெடுத்த மாதிரி, ஒரு கால் மட்டும் சற்றுக் கட்டை. அதற்கு அடியில் சாந்தாமணி ஓட்டுத்துண்டு வைத்தாள், அதைப் பார்த்த பெண்கள் எல்லாரும் தங்கள் வீட்டு நேரான கட்டிலுக்கும் ஓட்டுத்துண்டு வைத்தார்கள், அப்படி வைப்பதுதான் நல்லது என்று ஆகிவிட்டது. தை மாதம் வேம்பு ஒரு தொட்டில் காய்த்தது. சாந்தாமணியின் மகள் கௌசல்யா கட்டிக்கொடுத்து நாலு வருசமாகக் கையில் ஒன்றுமில்லாமல் இருந்தவள். தொட்டில் பிஞ்சாக இருக்கும்போது, ஊர்ப் பெண்கள் அவளைப் போனில் கூப்பிட்டு, கண்ணு, குளிச்சியா, இல்லியா என்று கேட்டார்கள். தொட்டில் பழுத்தபோது அவளுக்கு வாந்தி வந்துவிட்டது. பிறகு கேட்கவேண்டுமா? பஸ்காரர்கள் எங்கள் ஊர் நிறுத்தத்தை, தொட்டில்மரம் இறங்கு என்று கூவினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் நகை என்ன போடுவீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் மரத்தில் என்ன காய்க்கிறது என்று கேட்டார்கள்.

என் மரங்களில் ஒன்றும் காய்க்கவில்லை. ஊஞ்சமரம் தழைத்தது, நான் ஏறி ஒடித்து, காயவைத்து, இடித்து, சலித்தால்தான் அரப்பு. கருவேலம் கை கால் எல்லாம் கிழித்த பிறகுதான் விறகு கொடுத்தது. புங்கமரம் நிழல் கொடுத்தது, அடர்த்தியான நிழல், ஓடை மணலைத் தொட்ட மாதிரி சில்லென்ற நிழல், ஆனால் நிழலைச் சொந்தபந்தம் ஒறம்பரைக்குக் காட்டவா முடியும், தோலை உரித்து வீட்டில் மாட்டவா முடியும்? சாந்தாமணி வீட்டுக்கு வருகிற ஒறம்பரை கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வெயில் தாங்காமல் என் புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்துகொண்டு அவளைப் பற்றியே பேசினார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், எல்லாம் செய்தேன். கஞ்சித்தண்ணியை மாட்டுக்கு ஊற்றாமல் மரத்துக்கு ஊற்றினேன். வீட்டிலிருந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புங்கமரத்தடியில் வைத்து, பார்த்துக்கொள், இப்படித்தான் இருக்கும், என்று காட்டினேன். முக்காலி மேல் காக்காய் எச்சம் போட்டதுதான் மிச்சம். பொன்னையன் ஐயனிடம் போய் மரத்துக்குப் பேரை மாற்றித் தரச்சொல்லிக் கேட்டேன்.

"ஒருக்கா சொன்னது சொன்னதுதான், தெய்வான. புங்கமரம் நெழலு குடுக்குதா இல்லியா?"

"குடுக்குதுங்."

"அப்பொறம்?"

போய் முக்காலியைக் கழுவி வீட்டுக்குள் போட்டேன்.

மாசியில் வரப்பு வெள்வேலமரம் வேலையைத் தொடங்கியது. கவட்டையிலிருந்து இரண்டு கொம்புகள் கிளம்பின, ஒன்று என் காட்டின் மேல், ஒன்று அவள் காட்டின் மேல், முள் இல்லாமல், கணு இல்லாமல், பக்கம் பக்கமாக, ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நீண்டன. பிறகு ஒரு கொம்பிலிருந்து குறுக்கே ஒரு விரல் நீண்டு மறுகொம்பைப் பிடித்துக்கொண்டது, அதற்கடுத்து இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. பார்த்தவர்கள் எல்லாரும் ஏணி என்றார்கள். எங்கள் வீட்டில் ஏணி கிடையாது. சோளத்தட்டுப் போர் மேல் ஏறவேண்டும் என்றால் வண்டியை இழுத்து நிறுத்தி, அதன்மேல் சாக்கைப் போட்டு, என் வீட்டுக்காரர் என்னை இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். சாந்தாமணி வீட்டில் இரும்பு ஏணியே இருக்கிறது. அப்படியென்றால் இது யாருக்கு? தேவைக்கு முன்னால் காய்க்கிற மரம் தேவை யாருக்கோ அவர்களுக்குத்தானே காய்க்கும்? ஆனால் மரம் பொது. பொது என்றால் பழுத்து விழுகிற அன்றைக்கு அவள் அழகாகச் சிரித்துக்கொண்டு, ஆளுக்குப் பாதிங்க்கா, என்பாள். பாதி ஏணியை வைத்துக்கொண்டு நான் எங்கே ஏறுவது?

பங்குனியில் கோயில் வாசலில் ஊர் கூடியபோது எழுந்து நின்றேன். பெண்கள் அங்கே எழுந்து நிற்பது வழக்கமில்லை. என் வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார், நான் தலைப்பை இழுத்துக்கொண்டேன்.

"எல்லாத்தையும் அவளுக்கே காய்க்க உட்டாச்சு. இந்த ஒண்ணாச்சும் எனக்கு வேணும். வெள்வேலமரம் என்ற பாகத்துக்கு வரோணும்."

பொன்னையன் ஐயன் சாந்தாமணியைப் பார்த்தார். அவள் சண்டை போடுவாள், நானும் போடலாம் என்று சொல்லவேண்டியதையெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, "அக்காளே வெச்சுக்கட்டுமுங்," என்றாள். அவ்வளவுதான். கேட்டதும் கொடுக்கிறவளிடம் வாங்குவதைப் போல எரிச்சல் உலகத்தில் வேறெதுவும் இல்லை.

ஐயன் எங்களையெல்லாம் காட்டுக்குக் கூட்டிவந்து, என் கையைப் பிடித்து மரத்தின்மேல் வைத்தார். "எதுக்குன்னு பேர் சொல்லி வாங்கிக்க."

ஏணிக்கு என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். ஆனால் ஏணிக்கு என்று சொல்லிவிட்டால் ஏணி மட்டும்தானே காய்க்கும்? நாளைக்கு அது கட்டில் காய்க்குமோ, பீரோ காய்க்குமோ, அதையெல்லாம் என் வாயால் நானே அடைப்பதா? நான் சொன்னேன், "என்ற ஊட்டுக்கு எது வேணுமோ, அதுக்கு."

ஐயன் என் கையை விட்டுவிட்டு, "பேரே சொல்லலியே புள்ள," என்றார். "பேர் சொல்லாம வாங்குன மரத்துக்கு மொதல்ல எது ஆகுதோ அதுதான் பேரு. பாத்துக்க."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் காலையில் ஆடு அவிழ்த்துவிடப் போகும்போது பார்த்தேன், பொழுதோடு கட்டப் போகும்போது பார்த்தேன். சித்திரையில் கோடைமழை பெய்தது, தண்ணீரைக் குடித்த கொம்புகள் கனத்தன, மேல்நோக்கி இருந்தவை மெல்லத் தாழ்ந்து, சாய்ந்து, படுத்துக்கொண்டன. தரைக்கு நேராக, தோள் உயரத்தில், அப்படியே நின்றன. அதற்கு மேல் தாழவில்லை.

முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அந்த வரப்பு வழியாகப் போகிற ஆண்கள் மரத்தைக் கடக்கும்போது தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். பெண்கள் சுற்றிக்கொண்டு, வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரி வழியாகப் போனார்கள். பேசிக்கொண்டே வருகிறவர்கள் என்னைப் பார்த்ததும் மழையைப் பற்றிப் பேசினார்கள். குப்பாசாரியை வரச்சொல்லி எப்போது பழுக்கும் என்று கேட்டேன். அவர் மரத்துக்குப் பக்கத்திலேயே வரவில்லை, தள்ளி நின்று தலையைச் சொறிந்தார்.

"இதுக்கு நான் தோல் உரிக்க மாட்டனுங்க அம்மிணி."

"ஏன், என்ற மரம்னா எளப்பமா?"

"அதில்லீங். இதுக்குத் தோல் உரிக்கிற பழக்கமில்லீங். பச்சையாத்தான் கட்டுவாங்க."

அப்போதுதான் பார்த்தேன். இரண்டு நீளக் கொம்பு, நடுவே குறுக்குக் கட்டைகள். நிமிர்த்தினால் ஏணி. கிடத்தினால் பாடை.

என் வீட்டுக்கு எது வேண்டுமோ அதற்கு என்று ஊரைக் கூட்டி, மரத்தில் கையை வைத்து, நானே கேட்டு வாங்கியிருக்கிறேன்.

வைகாசி பிறந்ததும் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. டவுனுக்குக் கூட்டிப்போனோம், ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், காலையில் விட்டது பொழுதோடு திரும்பி வந்தது. வெயிலுக்கு வீட்டுக்குள் இருக்கமுடியவில்லை, புங்கமரத்தடியில் படுக்கவைத்தேன். சாந்தாமணி அவள் பூவரசங்கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அவர் அதற்குள் ஏறிப் படுத்துவிட்டார். அந்தக் கட்டிலில் படுத்தால் முதுகு வலிக்கவில்லை என்று வேறு சொன்னார். புருசன் காய்ச்சலில் கிடக்கிறார், எனக்கு அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது, என்ன செய்ய?

"அந்த மரத்தையே ஏன் பாத்துட்டு நிக்கிற?" என்றார் படுத்தபடியே.

"ஏணி பழுத்துருச்சான்னு பாக்கறேன்."

"ஏணியா?" என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. "அட உடு புள்ள. எதுவா இருந்தாலும் நம்ம காட்டு மரம். மூங்கிலுக்கு டவுனுக்கு ஓடவேண்டியதில்ல."

"வாயில நல்லதே வராதா உங்களுக்கு?"

நான் நேராகச் சாந்தாமணியிடம் போனேன். அவள் அந்தக் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாந்தா, வெள்வேலமரத்தை நீயே எடுத்துக்க."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பேர் சொல்லி வாங்குனது நீங்கதானுங்க்கா."

"பேரு எங்கடி சொன்னேன்? சொல்லியிருந்தா இப்பிடி வந்து நிப்பனா? உனக்குத்தான் எல்லாம் நல்லதாவே காய்க்குமே, உன்ற பக்கம் வந்தா இது ஏணியாவே ஆயிட்டுப் போகட்டும்."

"எனக்கு நல்லதாவே காய்க்குதுன்னு ஆரு சொன்னது?" அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "கதவு காய்ச்சுது, ஊட்டுக் கதவு உழுந்துச்சு. கட்டில் காய்ச்சுது, அந்த மாசமே உங்க கொழுந்தனாரு இடுப்புப் புடிச்சுக் கெடையில கெடந்தாரு. தொட்டில் ஒண்ணுதான் நல்லதா வந்துச்சு, அதுவும் கொழந்தை இன்னும் கைக்கு வரலீங்க்கா. ஒவ்வொண்ணும் மொட்டு உடறப்ப நான் என்னமா நடுங்குறேன்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்க வரப்புல நின்னு கண்ணு வெச்சுட்டுப் போயிருவீங்க."

நான் குனிந்து, கீழே சிந்தியிருந்த அரிசியைப் பொறுக்கி முறத்தில் போட்டேன்.

அவள் தணிந்துபோய்ச் சொன்னாள், "அந்த வெள்வேல் பொதுவா இருக்கறப்பவே மொளச்சுதுங்க்கா. ஒரு கொம்பு உங்க பக்கம், ஒரு கொம்பு எங்க பக்கம். நீங்க கேட்டப்பச் சட்டுனு குடுத்துட்டனே, எதுக்குன்னு நெனச்சீங்க? எனக்கு அன்னைக்கே அது ஏணியாத் தெரியலீங்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முறத்தைப் பார்த்தாள். இத்தனை வருசத்தில் அவளிடம் நான் பொறாமைப்படாத சமயம் அது ஒன்றுதான், அதுவும் வெகுநேரம் நீடிக்கவில்லை, ஏனென்றால் அடுத்தபடி என்ன செய்வது என்று அவளுக்குத்தான் முதலில் தோன்றியது.

"ஐயன் என்ன சொன்னாரு? மொதல்ல எது ஆகுதோ அதுதானே பேரு? அப்ப மொதல்ல ஏறிருவோமுங்க்கா."

மறுநாள் காலையில் ஊரே வரப்பில் நின்றது. ஏறவேண்டும் என்றால் நிமிர்த்தவேண்டும், நிமிர்த்தவேண்டும் என்றால் தூக்கவேண்டும். குழந்தைசாமி தலைமையில் நாலு ஆண்கள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக நின்று, குனிந்து, கொம்புக்கு அடியில் தோளைக் கொடுக்கப் போனார்கள்.

"தொடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் ஆடுகள் ஓடின. நாலு ஆண்கள் தோள் கொடுத்தால் அது வேறென்ன ஆகும்? அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது, தீயைத் தொட்ட மாதிரி பின்வாங்கினார்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் பாடைக்குத் தோள் கொடுப்பதில்லை. தெருமுனை வரைக்கும் அழுதுகொண்டு போவோம், அங்கிருந்து திரும்பிவிடுவோம். பெண் தோளில் ஏறியது பாடையாக இருக்கமுடியாது. அதைப் பொன்னையன் ஐயன் சொல்லவேண்டியிருக்கவில்லை, வரப்பில் நின்ற அத்தனை பெண்களுக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள். நான் என் காட்டுப் பக்கக் கொம்புக்குத் தோள் கொடுத்தேன், சாந்தாமணி அவள் பக்கக் கொம்புக்குத் தோள் கொடுத்தாள், மற்றவர்கள் எங்களுக்குப் பின்னால். ஆண்கள் இட்டேரி ஓரமாகத் தள்ளி நின்று, இப்பிடித் தூக்கு, அப்பிடிப் புடி என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கொடிமல்லி என்கிற ஒருத்தி, "நீங்க சும்மா நில்லுங் மாமா, இன்னைக்கு உங்களுக்கு இங்க வேலையில்லீங்," என்றாள், ஊரே சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தூக்கினோம். காம்பு பழுத்துத்தான் இருந்தது, வெண்டைக்காயை முறித்த மாதிரி சத்தம் கேட்டது, மரம் அதை எங்கள் கையில் விட்டுவிட்டது.

நிமிர்த்தி அந்த மரத்தின் கவட்டையிலேயே சாத்தினோம். சாந்தாமணி கீழே பிடித்துக்கொண்டாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் கட்டையில் கால் வைத்தேன். அது ஆடியது. புங்கமரத்தடியில் என் வீட்டுக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து பார்ப்பது தெரிந்தது. வயது ஐம்பதாகிவிட்டது, முழங்காலில் வலி, ஊர் முழுக்க என் கெண்டைக்காலைப் பார்க்கிறது, ஏறினேன். ஒவ்வொரு கட்டையிலும் கால் வைக்கும்போது ஏணி ஏணி ஏணி என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். தொரட்டி எட்டாத உயரத்தில் வெள்வேலங்காய் கொத்துக் கொத்தாகக் காய்ந்து தொங்கியது, எத்தனையோ வருசமாக ஆடுகள் அண்ணாந்து பார்த்து ஏங்கிய காய். முள் கையைக் கிழிக்கக் கிழிக்கக் கிளையைப் பிடித்து உலுக்கினேன். காய் மழை மாதிரி கொட்டியது, வரப்புக்கு இந்தப் பக்கமும் கொட்டியது, அந்தப் பக்கமும் கொட்டியது. ஓடிப்போன ஆடுகள் எல்லாம் திரும்பி வந்தன. என் ஆடு எது, அவள் ஆடு எது என்று தெரியாமல் தின்றன.

"காய் பறிக்கிறதுக்கு!" என்று பொன்னையன் ஐயன் கீழேயிருந்து உரக்கச் சொன்னார், மரத்தில் கையை வைத்துச் சொன்னார்.

அன்றைக்குப் பொழுதோடு காய்ச்சல் வரவில்லை. மாத்திரை வேலை செய்தது என்றார் கொழுந்தனார். புங்கநிழல் என்றாள் சாந்தாமணி, அப்படிப்பட்ட குளிர்ச்சி எங்கள் பக்கம் ஒரு மரத்துக்கும் இல்லீங்க்கா, என்று பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சை நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன், ஆனால் நன்றாகக் கேட்டேன், இன்னும் ஒருமுறை விடமாட்டாளா என்றுகூட இருந்தது.

ஊர் அதற்கும் பழகிவிட்டது. இப்போது எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஏணியைப் படுக்கப்போடுவதில்லை, இரும்பு ஏணியைக்கூட. ஏணி வாங்கினால் முதலில் வீட்டுப் பெண் ஏறி இறங்கிய பிறகுதான் ஆண்கள் தொடுகிறார்கள். வரப்பு வழியாகப் போகிறவர்கள் துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள். கௌசல்யாவுக்குப் பெண் பிறந்தது, தொட்டிலுக்கு வேலை வந்தது.

ஆனால் எனக்குப் பயம் போகவில்லை. ஒருநாள் ஏறினால் போதுமா, அது பேரை மறந்துபோகாதா? என் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாத்திவைத்தால் என் வீட்டுக்குத்தான் என்று ஆகிவிடும். அவள் வீட்டில் விட்டால் அவளுக்கு ஏணி, எனக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும், அதற்கும் மனசு வரவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் அதை வெள்வேலமரத்திலேயே, நடுவரப்பிலேயே நிறுத்தினேன். ஒரு கால் என் காட்டில், ஒரு கால் அவள் காட்டில், சாயாமல் இருக்கக் கற்றாழை நாரில் இறுக்கிக் கட்டினேன். எது வந்தாலும் ஆளுக்குப் பாதி.

தினமும் காலையில் ஆடு அவிழ்த்துவிட்டதும் போகிறேன். அவளும் வருகிறாள். நான் ஏறுகிறேன், அவள் பிடித்துக்கொள்கிறாள். காய் இருந்தால் காய், இல்லாவிட்டால் ஒரு கொத்துத் தழை, வெறும் கையோடு இறங்குவதில்லை. நேற்று உச்சிக் கட்டையில் நின்றபோது அவள் வாகைமரம் முழுசும் தெரிந்தது, அதன் கிழக்குக் கிளையில் புதிதாக ஏதோ மொட்டு விட்டிருக்கிறது, உருண்டையா நீளமா என்று இன்னும் தெரியவில்லை. கீழேயிருந்து அவளுக்குத் தெரியாது. எனக்கு ஒரு நிமிசம் வயிறு எரிந்தது, அதற்கடுத்த நிமிசம் அவளுக்காக நடுங்கியது, இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது போலும்.

"என்னுங்க்கா பாக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. நீ ஏறிப் பாரு," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவள் ஏறினாள். ஏணி ஆடியது. நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், என் பக்கத்துக் காலையும் அவள் பக்கத்துக் காலையும்.